டிஸ்க்வேர்ல்ட் நாவல்களும் கணினி விளையாட்டுகளும்: வடசென்னை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரம்பூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கூடும் சிறிய வாசிப்புக் குழு எங்களுடையது. லோகோ ஒர்க்ஸில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள், வியாசர்பாடியிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள், காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதும் நண்பர், தண்டையார்பேட்டையில் தையல் தொழில் செய்யும் அக்கா, தங்கை இருவர் ஆகியோர் இதில் உண்டு. சில காலமாக டிஸ்க்வேர்ல்ட் தொடரின் நாவல்களைப் படித்து வருகிறோம். அவற்றை ஒட்டி வந்த கணினி விளையாட்டுகளையும் ஒரே திரைக்கு முன் சேர்ந்து உட்கார்ந்து ஆடி வருகிறோம். புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால், அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கதைகளின் முடிவுகளை எங்கும் சொல்லவில்லை.

டிஸ்க்வேர்ல்ட் என்பது என்ன?

இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் (1948–2015) எழுதிய நகைச்சுவை மாயக்கதைத் தொடர் இது. முதல் நாவலான 'தி கலர் ஆஃப் மேஜிக்' 1983இல் வெளிவந்தது. 41ஆம் நாவலான 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' அவர் மறைந்த பின் 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. தோசைக்கல்லைப் போலத் தட்டையான ஓர் உலகம் நான்கு யானைகளின் முதுகில் நிற்கிறது. அந்த யானைகள் விண்வெளியில் நீந்திச் செல்லும் மாபெரும் ஆமை ஒன்றின் ஓட்டின்மீது நிற்கின்றன. அந்த உலகத்தில் மந்திரவாதிகளும் சூனியக் கிழவிகளும் டிராகன்களும் குள்ளர்களும் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் வாடகை, சம்பளம், சங்கத் தேர்தல், அலுவலகப் பொறாமை எல்லாம் உண்டு என்பதிலிருந்துதான் இந்தத் தொடரின் நகைச்சுவை பிறக்கிறது. மந்திரம் இருக்கும் ஊரில் அந்த மந்திரத்தை வைத்துக்கொண்டு மக்கள் அன்றாடம் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள் என்ற கேள்வியைப் பிராட்செட் கடைசிவரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆமையும் யானைகளும் நம் புராணங்களிலிருந்து எடுத்தவையா?

உலகைத் தாங்கும் ஆமை என்ற கற்பனை பல நாட்டுத் தொன்மங்களில் இருக்கிறது. அவற்றில் இந்திய மரபே ஆங்கில வாசகர்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமானது. மந்தர மலையைத் தாங்கிய கூர்மாவதாரமும் திசைக்கு ஒன்றாக நின்று பூமியைத் தாங்கும் எட்டு யானைகளும் நம் வீட்டுப் பாட்டிகள் சொன்ன கதைகளிலேயே உண்டு. பிராட்செட் யானைகளை நான்காகக் குறைத்து, பெரிலியா, டூபுல், கிரேட் டிஃபோன், ஜெரகீன் என்று பெயரிட்டார். ஆமைக்குக் கிரேட் அடுவின் என்று பெயர். அந்த ஆமை ஆணா பெண்ணா என்று கண்டறிய அவ்வுலகின் அறிஞர்கள் படும் பாடு முதல் நாவலிலேயே வருகிறது.

எட்டு என்ற எண் வேறொரு வழியில் இந்தத் தொடருக்குள் நுழைந்துவிட்டது. டிஸ்க்வேர்ல்டில் எட்டு மந்திர சக்தி கொண்ட எண். வானவில்லில் ஏழுக்குமேல் எட்டாவதாக ஆக்டரின் என்ற நிறம் உண்டு. அதை மந்திரவாதிகளும் பூனைகளும் மட்டுமே காண இயலும். மந்திரவாதிகள் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சுவார்கள். எட்டாம் எண் சனிக்குரியது என்று சொல்லி வண்டி எண்ணைக்கூடக் கூட்டிப் பார்த்து வாங்கும் மனிதர்களைத் தெருவுக்குத் தெரு அறிந்த நமக்கு, அந்த அச்சத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இது தெய்வ நம்பிக்கையைக் கேலி செய்யும் நூலா?

இந்தக் கேள்வியை அக்கறையோடு கேட்பவர்களுக்கு நான் 'ஸ்மால் காட்ஸ்' (1992) நாவலைக் கையில் கொடுக்கிறேன். டிஸ்க்வேர்ல்டில் தெய்வங்களின் ஆற்றல் மனிதரின் நம்பிக்கையால் வளர்கிறது. ஓம் என்ற பெருந்தெய்வம் மீண்டும் பூமிக்கு வரும்போது காளையாக வர நினைத்துச் சிறிய ஆமையாக வந்துவிடுகிறது. அத்தெய்வத்தின் பெயரால் மிகப் பெரிய கோயிலும் படையும் விசாரணைக் கூடமும் இருந்தும், மனதார நம்புகிறவன் புரூத்தா என்ற எளிய இளைஞன் ஒருவன்தான் என்பதே காரணம். நம்பிக்கையின் இடத்தை நிறுவனமும் அச்சமும் பிடித்துக்கொள்வதைத்தான் அந்த நாவல் கண்டிக்கிறது. புரூத்தாவின் பக்தியை அது ஓரிடத்தில்கூடச் சிறுமைப்படுத்தவில்லை.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கின் வழியே பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. எள்ளலை மட்டுமே நகைச்சுவை என்று பழகிவிட்ட நாம், மற்ற மூன்றையும் மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிராட்செட்டின் எள்ளல் அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கியே பாய்கிறது. எளியவர்களிடம் வரும்போது பேதைமையையும் இளமையையும் கண்டு பரிவோடு சிரிக்கிறது.

41 நாவல்களில் எங்கே தொடங்குவது?

வெளிவந்த வரிசையில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் இரண்டு நாவல்கள் அக்காலத்து வாள்வீச்சுக் கதைகளைப் பகடி செய்பவை. அந்தக் கதைகளைப் படித்திராதவர்களுக்குப் பாதி நகைச்சுவை பிடிபடாது. காவல்படையைப் பற்றிய 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) நாவலிலோ, மரணதேவன் ஒரு பையனைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் 'மார்ட்' (1987) நாவலிலோ தொடங்குவது நல்லது. விளையாட்டை ஆட விரும்புபவர்கள் முதலாவதையே தேர்ந்தெடுக்கட்டும்; காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

சென்ட்ரல் அருகே இருந்த பழைய மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையான பின், அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் பக்கத்திலேயே இடம் மாறின. அந்தக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் இத்தொடரின் ஆங்கிலப் பிரதிகள் அவ்வப்போது அகப்படும். ஜோஷ் கிர்பி வரைந்த, உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரியும் அட்டைப்படத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அங்க்-மார்பார்க் நகரத்தைப் பற்றி ஏன் எப்போதும் பேசுகிறீர்கள்?

தொடரின் மிகப் பெரிய பாத்திரம் அந்த நகரம்தான் என்பதால். அங்க் என்ற ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த இரட்டை நகரம் அது. அந்த ஆறு சேறும் கழிவும் கெட்டிப்பட்டு, ஏறக்குறைய நடந்து கடக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயையும் ஓட்டேரி நல்லாவையும் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் அந்த வருணனையைப் படித்துவிட்டு முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சற்று நேரம் பேசாமல் இருக்கிறார்கள். ஆற்றைப் பற்றிய நகைச்சுவைக்குப் பின்னால், அந்தக் கரையில் யார் வாழ விடப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது.

நகரத்தின் ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் உண்டு. திருடர்களுக்கும் சங்கம் உண்டு. அவர்கள் ஆண்டுக்கு இவ்வளவு என்ற அளவுக்குள் திருடி, பறிகொடுத்தவருக்கு முறையாக ரசீதும் தருவார்கள். ஒழிக்க முடியாத குற்றத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் அடக்கிவிடலாம் என்று ஆட்சியாளர் வெட்டினாரி எண்ணிய ஏற்பாடு அது. சங்க அனுமதி இல்லாமல் திருடுகிறவனைத் திருடர் சங்கமே தண்டித்துவிடும் என்பதால் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. தெருவோரத்தில் தொத்திறைச்சி விற்கும் டிப்ளர், 'இந்த விலைக்குக் கொடுத்தால் நான் என் கழுத்தை நானே அறுத்துக்கொள்கிறேன் என்றுதான் பொருள்' என்று ஓயாமல் சொல்லி, அதுவே பட்டப்பெயராகிப் போனவர். 'அசல் விலைக்கே தருகிறேன், எனக்குக் கட்டுப்படியாகவில்லை' என்ற குரலைப் பர்மா பஜாரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி.

இவை அனைத்தையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நகரம் வந்தேறிகளால் ஆனது என்பதுதான். குள்ளர்களும் பாறையால் ஆன டிரோல்களும் ஓநாய் மனிதர்களும் பிழைப்புத் தேடி அங்கே வந்து, ஒருவரையொருவர் வெறுத்து, பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டு, மெல்ல மெல்ல ஒரே காவல்படையில் சேருகிறார்கள். சௌகார்பேட்டையின் வடநாட்டு வணிகர்கள், அரண்மனைக்காரத் தெருவில் தேவாலயம் கட்டிய ஆர்மேனியர்கள், பர்மாவிலிருந்து திரும்பி வந்து அத்தோவை நம் தெருவோர உணவாக்கிய தமிழர்கள் என்று அடுக்கடுக்காக உருவான வடசென்னையில் உட்கார்ந்து படிக்கும்போது, இந்தக் கதை இங்கிலாந்தில் எழுதப்பட்டது என்பதே சில வேளை மறந்துபோகிறது.

சாம் வைம்ஸின் பூட்ஸ் கணக்கு என்ன?

எங்கள் குழுவில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பகுதி இது. 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நாவலில் வரும் சாம் வைம்ஸ், வறிய தெருவில் பிறந்து காவல்படைத் தலைவரானவர். அப்போது அவருக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மலிவான பூட்ஸ் 10 டாலர். ஓரிரு பருவம் தாங்கும், பிறகு அட்டை வைத்த அடிப்பாகம் தேய்ந்து நீர் புகும். 50 டாலர் கையில் இருப்பவனுக்குப் பத்து ஆண்டுக்குப் பின்னும் கால் நனையாது. ஏழையோ அதே காலத்தில் 100 டாலர் செலவழித்தும் ஈரக் காலோடுதான் நடப்பான். பணக்காரர்கள் குறைவாகச் செலவழிப்பதாலேயே பணக்காரர்களாக இருக்கிறார்கள் என்று வைம்ஸ் முடிவு கட்டுகிறார்.

இதைப் படித்த மாலையில் தையல் வேலை செய்யும் அக்கா, தான் வட்டிக்கடனில் தவணையாக வாங்கிய பழைய தையல் இயந்திரத்தின் கணக்கைச் சொன்னார். மொத்தப் பணம் ஒரே நாளில் கையில் இருந்திருந்தால் புதிய இயந்திரமே வாங்கியிருக்கலாம் என்று கூட்டிக் காட்டினார். தினத் தண்டலுக்குப் பணம் வாங்கித் தள்ளுவண்டி நடத்துகிறவர்கள், எண்ணெயையும் ஷாம்புவையும் சிறு பாக்கெட்டாக வாங்குகிறவர்கள், முன்பணம் இல்லாததால் கூடுதல் வாடகை தருகிறவர்கள் என்று ஒவ்வொருவரும் தத்தம் பூட்ஸைச் சொல்லத் தொடங்கியதில், அன்று நாவலின் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. 2022இல் பிரிட்டனில் மலிவுப் பொருட்களின் விலையேற்றத்தைக் கண்காணிக்கத் தொடங்கப்பட்ட விலைக் குறியீடு ஒன்றுக்கு வைம்ஸ் பூட்ஸின் பெயரையே சூட்டினார்கள். பிராட்செட்டின் படைப்புரிமையைப் பாதுகாப்பவர்களும் அதற்கு இசைந்தார்கள்.

மரணதேவன் பாத்திரம் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

கறுப்பு அங்கியும் அரிவாளும் கொண்ட எலும்புக்கூடு, பிங்கி என்ற வெள்ளைக் குதிரையில் வருகிறது. அது யாரையும் கொல்வதில்லை. நேரம் முடிந்தவர்களை வழியனுப்ப மட்டுமே வருகிறது. மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அதற்குத் தீராத வியப்பு. பூனைகளிடம் மிகுந்த அன்பு. எருமையில் வரும் யமனையும் கூற்றுவனையும் பாசக்கயிற்றோடு மட்டுமே கண்டு பழகிய நமக்கு, இவ்வளவு கனிவான மரணம் முதலில் புதிதாகத் தெரியும். ஆனால் இறந்தவர் வீட்டு வாசலில் மரண கானா பாடி, அழுகையின் நடுவே இறந்தவரின் குறும்பையும் குடியையும் சொல்லிச் சிரிக்கவைத்து, மீண்டும் அழவைக்கும் ஊரில் இருக்கிறோம். சாவின் அருகில் உட்கார்ந்து சிரிப்பது அவமரியாதை ஆகாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

தமிழில் கொண்டுவருவதானால் எவையெல்லாம் சிக்கலாகும்?

மரணதேவனின் பேச்சே முதல் சிக்கல். ஆங்கிலத்தில் அது மேற்கோள் குறி இல்லாமல், முழுக்கப் பெரிய எழுத்து வடிவத்தில் அச்சிடப்படுகிறது. காதால் கேட்காமல் நேரே மூளைக்குள் விழும் குரல் என்று வாசகர் உணர்வதற்கான ஏற்பாடு அது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவே இல்லை. தடித்த எழுத்தில் அச்சிடலாம் என்றார் ஒருவர். நான் வேறு வழியை விரும்புகிறேன்: மற்றவர்கள் எல்லாரும் பேச்சுத்தமிழில் பேசும்போது, மரணதேவன் மட்டும் கல்வெட்டில் பொறித்தது போன்ற பிசகில்லாத செந்தமிழில் பேசட்டும். நம் மொழியின் இரட்டை வழக்கு, பெரிய எழுத்துக்கு இல்லாத ஆற்றலை அக்குரலுக்குத் தரும்.

இரண்டாவது, மந்திரப் பல்கலைக்கழகத்தின் நூலகர். ஒரு மந்திர விபத்தில் ஒராங்குட்டானாக மாறிய அவர், உயரமான அலமாரிகளில் ஏறுவதற்கு வசதியாக இருக்கிறது என்று மீண்டும் மனிதராக மறுத்துவிட்டார். 'ஊக்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் பேசுவார். வாலுள்ள குரங்கின் பெயரால் அவரைக் குறிப்பிட்டுவிட்டால் மட்டும் கடும் சினம் கொள்வார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முற்றிலும் வேறு சொற்கள். தமிழிலோ வாலில்லாக் குரங்கு என்றாலும் மனிதக்குரங்கு என்றாலும் குரங்கு என்ற சொல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதற்கு இன்றுவரை எங்கள் குழுவில் ஒருமனதான தீர்வு கிடைக்கவில்லை. பெயரைச் சொல்லாமல் 'ஒராங்குட்டான் ஐயா' என்று மரியாதையாக அழைத்துவிடலாம் என்ற வியாசர்பாடி மாணவியின் யோசனையே இதுவரை வந்தவற்றில் சிறந்தது.

மூன்றாவதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அங்க்-மார்பார்க்கின் எளிய மக்கள் லண்டன் தெருப்பேச்சின் சாயலில் பேசுகிறார்கள். அதற்குச் சென்னைத் தமிழே பொருத்தம் என்று எல்லாரும் உடனே சொல்வார்கள். ஆனால் நம் திரைப்படங்கள் நெடுங்காலமாகச் சென்னைத் தமிழைக் கோமாளிக்கும் ரௌடிக்கும் மட்டுமே கொடுத்து வந்திருக்கின்றன. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் கலந்து உழைப்பாளர்கள் உருவாக்கிய பேச்சு அது. என் வீட்டில் பேசிய பேச்சு அது. மொழிபெயர்ப்பாளர் அதைத் திருடனுக்கும் குடிகாரனுக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, சாம் வைம்ஸுக்கு நூல் தமிழைக் கொடுத்தால், அந்த நாவலின் நியாயமே கவிழ்ந்துவிடும். நகரத்திலேயே நேர்மையான மனிதரான வைம்ஸ், பூட்ஸ் கணக்கைச் சென்னைத் தமிழிலேயே போட வேண்டும்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

வாக்கியங்கள் எளியவை, சொல் விளையாட்டுகள்தான் தடுக்கும். பெரும்பாலான நாவல்களில் அத்தியாயப் பிரிவு கிடையாது என்பதால், எங்கே நிறுத்துவது என்று முதலில் திணறுவீர்கள். அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லாதீர்கள், தொடரின் சிறந்த நகைச்சுவைகள் பல அங்கேதான் இருக்கின்றன. நாங்கள் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கும் முறையைப் பின்பற்றுகிறோம். பாதிக்கு மேல் புரியாதவர்களும் மறுமாதம் தவறாமல் வருகிறார்கள்.

எந்தெந்தக் கணினி விளையாட்டுகள் வந்தன?

1986இல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' நாவலை ஒட்டி, ஸ்பெக்ட்ரம் போன்ற அக்காலக் கணினிகளுக்காக எழுத்துவழி விளையாட்டு ஒன்று வந்தது; வடக்கே போ, கதவைத் திற என்று ஆட்டக்காரர் தட்டச்சு செய்ய வேண்டும். பலரும் விசாரிப்பது 1990களில் வந்த மூன்றைப் பற்றித்தான்: 'டிஸ்க்வேர்ல்ட்' (1995), அதன் இரண்டாம் பாகம் (1996), 'டிஸ்க்வேர்ல்ட் நுவார்' (1999). முதல் இரண்டையும் சிக்னோசிஸ் நிறுவனம் வெளியிட்டது. இவை சுடும் விளையாட்டுகள் அல்ல. சுட்டியால் சொடுக்கி நடந்து, பொருட்களைத் திரட்டி, மனிதர்களோடு பேசி, புதிர்களை அவிழ்க்கும் வகையைச் சேர்ந்தவை.

முதல் விளையாட்டின் கதை எந்த நாவலைச் சேர்ந்தது?

பெரும்பகுதி 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கி போர்த்திய இரகசியக் கூட்டம் ஒன்று மந்திரத்தால் டிராகனை வரவழைத்து நகரத்தின்மேல் ஏவுகிறது. நாவலில் இதை எதிர்கொள்பவர் சாம் வைம்ஸ். விளையாட்டிலோ அந்த இடத்தில் ரின்ஸ்விண்ட் என்ற மந்திரவாதி நிற்கிறார். மந்திரம் எதுவும் வராத, ஆபத்தைக் கண்டதும் ஓடிவிடுவதில் மட்டும் தேர்ந்த மனிதர். முதல் நாவலின் நாயகரான அவர் இந்த நாவலில் இல்லவே இல்லை. அவருக்கு இங்கிலாந்து நகைச்சுவை நடிகர் எரிக் ஐடில் குரல் கொடுத்தார். நூற்றுக்கால் பூச்சிபோலப் பல கால்களுடன் அவர் பின்னால் ஓடிவரும் லக்கேஜ் என்ற உயிருள்ள மரப்பெட்டிதான் ஆட்டக்காரர் திரட்டும் பொருட்களைச் சுமக்கிறது. நாவலில் இருந்த ஒரு கற்பனையை விளையாட்டின் பயன்பாட்டுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருத்திய வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வைம்ஸ் இல்லாதது எனக்கு இழப்பாகவே படுகிறது. அவரோடு சேர்ந்து நாவலின் கோபமும் போய்விட்டது, எஞ்சியது வேடிக்கை. ஆனால் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றால் அது கட்டாயம் நடந்தே தீரும் என்ற நாவலின் புகழ்பெற்ற நம்பிக்கையை விளையாட்டு நன்றாகவே கையாள்கிறது: ரின்ஸ்விண்ட் அப்படிப்பட்ட அரிய வீரனாக ஆவதற்குரிய அடையாளங்களைத் தேடி அலைகிறார்.

புதிர்கள் உண்மையிலேயே அவ்வளவு கடினமா?

ஆம். புதிர்கள் கடினம் என்பதற்காகவே பெயர்பெற்ற விளையாட்டு அது. முதல் பகுதியில் டிராகனின் இருப்பிடத்தைக் காட்டும் கருவிக்கான பொருட்களைத் திரட்ட வேண்டும். பின்னர் கடந்த காலத்துக்குப் போய்ச் செய்த காரியத்தின் விளைவை நிகழ்காலத்தில் தேட வேண்டும். ஒரு பொருளுக்கும் அதன் பயனுக்கும் உள்ள தொடர்பு பல இடங்களில் சொல் விளையாட்டின்மீது நிற்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறினார்கள்.

பள்ளி முடித்த ஆண்டில், பஜார் கடை ஒன்றில் வாங்கிய வட்டில் நான் இதைத் தனியாக ஆடத் தொடங்கி, பாதியிலேயே நின்றுவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துக் குழுவாக உட்கார்ந்து ஆடியபோதுதான் முடிக்க முடிந்தது. ஒருவர் சுட்டியைப் பிடிக்க, மற்றொருவர் எங்கே என்ன பார்த்தோம் என்று நோட்டில் குறித்துக்கொள்ள, இன்னொருவர் உரையாடல்களை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்திடமும் உரையாடலை முழுவதும் கேட்டு முடியுங்கள். துப்புகள் பெரும்பாலும் பேச்சில்தான் ஒளிந்திருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு மேல் சிக்கிக்கொண்டால் விடைக் குறிப்பைப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. பொருளைத் தேடி அலையும் சலிப்பில் உரையாடலின் சுவை கெட்டுவிடக் கூடாது.

இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி?

இரண்டாவது விளையாட்டில் மரணதேவன் காணாமல் போய்விடுகிறார். யாராலும் முறையாகச் சாக முடியவில்லை. ரின்ஸ்விண்ட் தேடிப் புறப்படுகிறார். 'ரீப்பர் மேன்' (1991), 'மூவிங் பிக்சர்ஸ்' (1990) ஆகிய இரு நாவல்களின் இழைகள் இதில் கலந்திருக்கின்றன. கேலிச்சித்திரப் படத்தின் தரத்தில் வரைந்த அசைவுகள், எரிக் ஐடிலின் பாடல், முதலாவதைவிட நியாயமான புதிர்கள் என்று எல்லா வகையிலும் தொடங்குவதற்கு ஏற்றது.

'நுவார்' எனக்கு மிகப் பிடித்தது. நாவல் எதையும் தழுவாமல் அந்நகரத்துக்காகவே புதிதாக எழுதிய கதை. ஓயாத மழையும் இருளும் சூழ்ந்த அங்க்-மார்பார்க்கில் லூட்டன் என்ற தனித் துப்பறிவாளர் காணாமல் போன ஒருவரைத் தேடுகிறார். அவருக்குக் குரல் கொடுத்தவர் நகைச்சுவை நடிகர் ராப் பிரைடன். இங்கே பொருட்களைவிடக் குறிப்பேடே முக்கியம்: கேட்டறிந்த ஒவ்வொரு துப்பும் அதில் பதிவாகும், அந்தத் துப்பை எடுத்து இன்னொருவரிடம் கேள்வியாக வீசலாம், இரண்டு துப்புகளை இணைத்துப் புதிய முடிவுக்கும் வரலாம். பின்னர் லூட்டன் ஓநாய் மனிதராகி, மணங்களை நிறங்களாகக் காணத் தொடங்கும்போது மோப்பமே துப்பாகிறது. நாவல்களின் கோபமும் துயரமும் சிரிப்பும் சரியான அளவில் சேர்ந்திருக்கும் விளையாட்டு இது ஒன்றுதான் என்பேன்.

இன்றைய கணினியில் ஆட முடியுமா?

முதல் இரண்டையும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளின் வழியே விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு கருவிகளில் ஆடலாம். அந்த மென்பொருள் விளையாட்டை உங்களுக்குத் தராது. மூல வட்டில் உள்ள கோப்புகளை நீங்களே வைத்திருக்க வேண்டும். முதல் விளையாட்டு நெகிழ்வட்டுப் பதிப்பாகவும் சிடி பதிப்பாகவும் வந்தது. குரல் சிடியில் மட்டுமே உண்டு என்பதால் அதையே தேடுங்கள். திரையில் எழுத்து வரும் வசதியை இயக்கிவைத்தால் பேச்சைப் பின்தொடர்வது எளிது.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

'தி வீ ஃப்ரீ மென்' (2003) நாவலில் தொடங்கும் டிஃபனி ஏக்கிங் கதைகள் அவர்களுக்கென்றே எழுதப்பட்டவை. ஒன்பது வயதுச் சிறுமி, வாணலி ஒன்றை ஆயுதமாக எடுத்துக்கொண்டு, கடத்தப்பட்ட தம்பியை மீட்கப் போகிறாள். எலிகளும் பூனையும் வரும் 2001ஆம் ஆண்டு நாவல் ஒன்று பிரிட்டனில் சிறார் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கத்தைப் பெற்றது. 'நுவார்' விளையாட்டை வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள்.

அவர் முடிக்காமல் விட்ட கதைகள் வெளிவருமா?

வராது. 2007 டிசம்பரில், மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அரிய வகை அல்சைமர் நோய் தமக்கு இருப்பதைப் பிராட்செட் வெளிப்படையாக அறிவித்தார். தட்டச்சு செய்ய இயலாதபோது வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்து, மேலும் பல நாவல்களை முடித்தார். முடிவுறாதவை இருக்கும் வன்தட்டை நீராவி உருளையால் நசுக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படியே 2017 ஆகஸ்டில், இங்கிலாந்தின் டார்செட்டில் நடந்த நீராவி இயந்திரக் கண்காட்சியில், 'லார்ட் ஜெரிகோ' என்ற 6.5 டன் எடையுள்ள பழைய உருளை அந்த வன்தட்டின்மேல் பலமுறை ஏறி இறங்கியது. அதன்பின் கல் நொறுக்கும் இயந்திரத்திலும் அதை இட்டார்கள். மிஞ்சிய துண்டுகள் சாலிஸ்பரி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இதை எங்கள் கூட்டத்தில் நான் சொன்னபோது மாணவர்கள் இழந்துவிட்ட கதைகளுக்காக வருந்தினார்கள். லோகோ ஒர்க்ஸில் முப்பது ஆண்டுக்கு மேல் பணியாற்றிய பெரியவரோ, அந்த உருளையின் கொதிகலனுக்கு நிலக்கரியா விறகா என்று கேட்டார். அடுத்த மாதத்துக்குள் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.